மின்தடையின்போது சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் பால்கனியில் வைத்து ஓட்டலாமா? சுவர் பிளக் வழியாக வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கலாமா?

இரண்டுமே கூடாது. முதலாவது வீட்டில் இருப்பவர்களைக் கொல்லும். இரண்டாவது, கம்பத்தில் ஏறி லைனைச் சரிசெய்துகொண்டிருப்பவரைக் கொல்லும்.

பெட்ரோல் எஞ்சின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணைக் கரிப்பதும் நாற்றமடிப்பதும் புகையில் உள்ள மற்ற பொருள்கள். ஆகவே நாற்றம் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் விழிக்காமலே மயக்கத்துக்குப் போய்விடுவார். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது, அதே ஜன்னல் வழியாகத்தான் புகை உள்ளேயும் வரும். பால்கனி, கார் ஷெட், மாடிப்படிக்கு அடியில், ஷட்டரைப் பாதி தூக்கிவிட்ட முன்னறை எல்லாமே இந்த விஷயத்தில் வீட்டின் உள்பகுதிதான்.

ஜெனரேட்டரைத் திறந்த வெளியில், வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பாருங்கள். அங்கேயும் ஆள் தூங்குவார்கள். இதற்கு இடமில்லாத அடுக்குமாடி வீடு என்றால் பேட்டரி இன்வெர்ட்டர் வாங்குங்கள், பெட்ரோல் ஜெனரேட்டர் வேண்டாம். மழை பெய்தால் நான்கு பக்கமும் திறந்த கூரைக்கு அடியில் ஓட்டலாம். தார்ப்பாய் போர்த்தி ஓட்டினால் சூடு அடைத்துத் தீப்பிடிக்கும். படுக்கையறைக்கு அருகில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் மாத்திரை தேடாதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்து சுவர் பிளக். இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய வயரால் கரண்ட்டைச் சுவருக்குள் ஏற்றினால், அது மீட்டரைத் தாண்டித் தெரு லைனுக்கும் போகும். அங்குள்ள ட்ரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலைசெய்து, வீட்டு வோல்ட்டேஜை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே கொடுக்கிறேன் என்பீர்கள். இருட்டில், அவசரத்தில், ஒரே ஒருநாள் மறந்தால் போதும். மறந்த நிலையில் லைன் கரண்ட் திரும்பி வந்தால் ஜெனரேட்டருக்குள் உள்ள கம்பிச்சுருளும் எரிந்துவிடும். வயரின் ஒரு முனை கழன்று வந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் கரண்ட் இருக்கும்.

சரியான வழி, எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுவது. அது தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்றும் வகையாக இருக்கட்டும். எர்த்திங்கையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அந்த நிலையில் மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் உங்கள் ஆர்.சி.சி.பி. எதிர்பார்த்தபடி ட்ரிப் ஆகாமல் போகலாம்.

சுவிட்ச் போடும்வரை சாதனங்களை எக்ஸ்டென்ஷன் வயரில் நேராக மாட்டுங்கள். எர்த்துடன் கூடிய மூன்று கோர், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் வேண்டும். உருளையில் சுற்றிய வயர் என்றால் முழுதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றிய நிலையில் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும்.

லோடு கணக்கில் ஏமாறுவது எளிது. 2 கேவிஏ என்றால் 2000 வாட் அல்ல. பவர் ஃபேக்டர் (கேவிஏ-வில் எவ்வளவு பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 0.8 என்றால் 1600 வாட்தான். ஓடும்போது 150 வாட் எடுக்கும் ஃபிரிட்ஜ், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால் லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சீரானபின் முதலில் ஃபிரிட்ஜ், பிறகு மற்றவை என ஒவ்வொன்றாகப் போடுங்கள். லோடு மிஞ்சினால் வோல்ட்டேஜ் இறங்கும். முதலில் அடிவாங்குவது ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர்தான். திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும் என்பதால் அதற்காக ஜெனரேட்டரை இரவு முழுக்க ஓட்டத் தேவையில்லை. படுக்கப்போகும் முன் அணைத்துவிடுங்கள்.

ஓடும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அணைத்து 15 நிமிடமாவது ஆறவிடுங்கள். சூடான சைலன்சரில் சிந்தினால் அங்கேயே பற்றும். ஒவ்வொருமுறை ஊற்றும்போதும் சமதளத்தில் வைத்து ஆயில் மட்டம் பாருங்கள். சாய்வான தரையில் வைத்தால் ஆயில் சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகி, எரிபொருள் போகும் சிறு துளையான ஜெட்டை அடைத்துக்கொள்ளும்.