மியூனிக்: ஷ்வாபிங்கா, நொய்பெர்லாக்கா?

ஜெர்மனியின் மியூனிக்கில் மெக்கானிக்கல் படிக்கப் போகிறேன், அறை எடுக்க ஷ்வாபிங் பகுதியா, வாடகை குறைவான நொய்பெர்லாக் பகுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் மெக்கானிக்கல் என்றால் வகுப்புகள் பெரும்பாலும் நகருக்கு வடக்கே கார்ச்சிங் வளாகத்தில்தான். அங்கே போவது யூ6 மெட்ரோ, அதனால் அந்தப் பாதையை ஒட்டித் தேடுங்கள். நொய்பெர்லாக் யூ5-இல் இருக்கிறது. ஒடியோன்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி யூ6-க்கு மாற வேண்டும், தினமும் என்றால் அலுத்துவிடும். ஷ்வாபிங் அருமையான இடம், ஆனால் வாடகை கையைக் கடிக்கும். அதே யூ6 பாதையில் உள்ள ஃப்ரைமான் பகுதியில் அல்லது கார்ச்சிங்கிலேயே அறை பாருங்கள். யூ6 ரயில்களில் சில கார்ச்சிங் வரை போகாமல் ஃப்ரோட்மானிங் நிலையத்தோடு நின்றுவிடும். பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பித்து வையுங்கள், காத்திருப்பு நீளும்.

விளம்பரத்தில் ‘கால்ட்’ வாடகை என்றிருந்தால் ஹீட்டிங், தண்ணீர்ச் செலவு அதில் சேராது. முன்பணம் சட்டப்படி 3 மாத கால்ட் வாடகையைத் தாண்டக்கூடாது. 3 தவணையாகக் கட்டலாம். குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் தேவை. ‘பதிவு முடியாது’ என்கிற அறையை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வசிப்பு அனுமதி வாங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். வீட்டைக் காட்டாமல், “வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்” என்பவருக்கு ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள்.