ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்சிட் பேச்சுவார்த்தையின்போது பிரிட்டன் தன் உட்பூசலை வெளியில் காட்டாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல ஒப்பந்தம் கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்ற பழமொழியையும் கேள்வியோடு சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே பொருள்பட அந்நாட்டிலேயே பலர் வருந்தியதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுகளை அங்கேயே கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு: சண்டையிட வேண்டிய காலத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, கெடு ஓடத் தொடங்கிய பிறகு சண்டையிட்டதுதான் பிரிட்டனைக் கெடுத்தது.

2014 முதல் 2020 வரை வேலை நிமித்தமாகக் கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதியில் குடியிருந்தேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்கு இருந்தது. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் வாக்களிக்கலாம் என்பது அங்குள்ள விதி. எங்கள் வீட்டின் மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் நெதர்லாந்தில் அடைக்கலம் பெற்று, அந்நாட்டுக் குடியுரிமையோடு லண்டனுக்கு வந்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வரி கட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு வாக்கு இல்லை. வந்து இரண்டே ஆண்டுகளான நான் அவருடைய எதிர்காலத்தைப் பற்றி வாக்களித்துவிட்டு வந்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வெளியேறுவோம் என்று 1.74 கோடிப் பேரும், இருப்போம் என்று 1.61 கோடிப் பேரும் வாக்களித்தார்கள், விழுக்காட்டில் 51.9க்கு 48.1. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் இருக்கவே விரும்பினார்கள். இவ்வளவு பிளவுக்கு நடுவே, எப்படி வெளியேறுவது என்ற கேள்வி வாக்குச் சீட்டில் இல்லவே இல்லை. நார்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே நின்றுகொண்டே, பொது விதிகளின் கீழ் தடையின்றி வணிகம் நடக்கும் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். துருக்கியைப் போல, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இணைந்திருக்கலாம். கனடாவைப் போல வணிக ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த ஒப்பந்தமும் இல்லாமலும் போகலாம். இவற்றுள் எதைத் தேர்ந்திருந்தாலும் அது வெளியேற்றம்தான். எனவே அந்த 1.74 கோடிப் பேருக்குள்ளேயே நான்கு வகையான மனிதர்கள் இருந்தார்கள். நாடு முதலில் பேசித் தீர்த்திருக்க வேண்டியது இதைத்தான்.

அந்தப் பேச்சு நடக்கவில்லை. ஜூலையில் பிரதமரான தெரசா மே, ‘பிரெக்சிட் என்றால் பிரெக்சிட்தான்’ என்பதற்கு மேல் பல மாதங்கள் எதையும் விளக்கவில்லை. சீட்டாட்டத்தில் கையைக் காட்டக்கூடாது என்பது அவருடைய அரசு சொன்ன காரணம். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே விலகல் அறிவிப்பைக் கொடுத்துவிடலாம் என்றும் அரசு கருதியது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அதை மறுத்தது. அதற்கு முன்பே, இதே தீர்ப்பைச் சொன்ன உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவரின் படங்களை முதற்பக்கத்தில் போட்டு, ‘மக்களின் எதிரிகள்’ என்று ஒரு நாளிதழ் தலைப்பிட்டிருந்தது. ஒற்றுமை வேண்டும் என்ற குரலுக்கு இப்படியொரு முகமும் உண்டு என்பதால், அந்தச் சொல்லை யார் உச்சரித்தாலும் நான் சற்று எச்சரிக்கையாகவே கேட்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு, விலகல் அறிவிப்பைக் கொடுக்க அனுமதிக்கும் மசோதா வந்தது. பிப்ரவரி 1 அன்று 498க்கு 114 என்ற கணக்கில் அதன் இரண்டாம் வாசிப்பு நிறைவேறியது. அரசு எதை நோக்கிப் போகிறது என்று விளக்கும் வெள்ளை அறிக்கை வெளியானது அதற்கு மறுநாள். படித்துவிட்டு வாக்களிக்க வேண்டியவர்கள் வாக்களித்துவிட்டுப் படித்தார்கள். 2017 மார்ச் 29 அன்று விலகல் அறிவிப்பு ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த அறிவிப்பின் தன்மையைப் புரிந்துகொண்டால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி, அறிவிப்பைக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளில் உறுப்புரிமை தானாகவே முடிந்துவிடும். நீட்டிப்பு வேண்டுமென்றால் எஞ்சிய 27 நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். அறிவிப்பைக் கொடுக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் வெளியேறும் நாட்டின் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு. அதைக் கொடுத்த கணத்திலிருந்து காலம் எதிர்த்தரப்பின் பக்கம் போய்விடுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று நாட்டுக்குள் முடிவாவதற்கு முன்பே அந்தச் சீட்டை இறக்கியது, ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். போதாக்குறைக்கு ஜூன் மாதத்தில் தேர்தலை நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்து, வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்னும் அந்த ஊர் ஜனநாயக ஒன்றியக் கட்சியினுடைய பத்து உறுப்பினர்களை நம்பி ஆட்சி நடத்த வேண்டிய நிலைக்கு மே வந்து சேர்ந்தார்.

எதிர்த்தரப்பு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் பேச்சுவார்த்தை வழிகாட்டுதல்களை ஏப்ரல் மாதத்திலேயே ஊரறிய வெளியிட்டது. குடிமக்களின் உரிமை, பிரிட்டன் தர வேண்டிய பணம், அயர்லாந்து எல்லை ஆகிய மூன்றிலும் போதிய முன்னேற்றம் ஏற்பட்ட பிறகுதான் வணிகம் பற்றிப் பேச்சு என்று வரிசையையும் அறிவித்தது. அந்த வரிசையைப் பற்றியே பெரும் சண்டை நடக்கப்போகிறது என்று சொல்லியிருந்த பிரிட்டனின் பிரெக்சிட் துறை அமைச்சர் டேவிட் டேவிஸ், ஜூன் மாதத்தின் முதல் அமர்விலேயே அதை ஏற்றுக்கொண்டார். ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே தன் ஆவணங்களைத் தொடர்ந்து இணையத்தில் வெளியிட்டார். கையைத் திறந்து காட்டியவர் அவர்தான், அதனால் அவர் எதையும் இழக்கவில்லை. 27 நாடுகளும் தமக்குள் வாதிட்டு முடித்துவிட்டு வந்திருந்ததால், வெளியிடும் அளவுக்கு உறுதியான ஒன்று அவர் கையில் இருந்தது. பிரிட்டன் மறைத்து வைத்திருந்த கையிலோ சீட்டே இல்லை.

அயர்லாந்து விவகாரம் இதைவிடத் தெளிவான சான்று. ஒன்றியத்தில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமானது. வட அயர்லாந்தின் நெடுங்கால வன்முறைக்கு முடிவுகட்டிய 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு சோதனைச் சாவடி எதுவும் இல்லாமல் மக்கள் கடந்துபோகும் எல்லை. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டுப் பிரிட்டன் வெளியேறினால் சரக்குகளை எங்கேயாவது சோதித்தாக வேண்டும். நிலத்தில் சோதித்தால் அமைதிக்கு ஆபத்து. நடுவிலுள்ள கடலில் சோதித்தால் வட அயர்லாந்து தன் நாட்டிலிருந்தே பிரிக்கப்படுகிறது. இரண்டும் வேண்டாம் என்றால் முழு பிரிட்டனும் ஒன்றியத்தின் விதிகளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய இந்த முடிச்சை வாக்கெடுப்புப் பிரசாரத்தின்போது லண்டனில் யாரும் என்னிடம் பேசியதாக நினைவில்லை.

2017 டிசம்பர் 4 அன்று பிரஸ்ஸல்ஸில் மே மதிய உணவில் இருந்தபோது, ஜனநாயக ஒன்றியக் கட்சித் தலைவி ஆர்லீன் ஃபாஸ்டரின் எதிர்ப்பு தொலைபேசியில் வந்ததும் உடன்பாடு நின்றுபோனது. நான்கு நாள் கழித்து வெளியான கூட்டறிக்கையில், வேறு தீர்வு கிடைக்காவிட்டால் எல்லையைத் திறந்து வைப்பதற்குத் தேவையான ஒன்றிய விதிகளைப் பிரிட்டன் முழுமையாகப் பின்பற்றும் என்று 49ஆம் பத்தி சொன்னது; வட அயர்லாந்துக்கும் எஞ்சிய பிரிட்டனுக்கும் இடையே புதிய தடை எதுவும் வராது என்று 50ஆம் பத்தி சொன்னது. ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த பத்தியைப் படித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. பின்னர் பேக்ஸ்டாப் என்று உலகமே அறிந்த காப்பு ஏற்பாடு அங்கிருந்து பிறந்ததுதான். அடுத்த ஜூலையில் டேவிஸும் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் பதவி விலகியதும், நவம்பரில் 585 பக்க விலகல் ஒப்பந்தம் வெளியான மறுநாளே டேவிஸுக்குப் பின் அந்தத் துறைக்கு வந்த டொமினிக் ராபும் விலகியதும், மூடிவைத்த முரண்பாடு வெடித்ததன் விளைவுகளே.

பூசல் பேரத்துக்கு உதவியும் செய்திருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. சம்பந்தம் பேசும்போது, ‘எனக்குச் சம்மதம்தான், பெரியவர் ஒப்ப வேண்டுமே’ என்று சொல்லிச் சீரைப் பேசிக்கொள்பவர்களை நாம் பார்த்ததில்லையா? ‘என் நாடாளுமன்றம் இதை ஏற்காது’ என்று ஒரு பிரதமர் சொல்வதும் அத்தகைய உத்திதான். ஆனால் பெரியவர் எதற்கு ஒப்புவார் என்பது தெரிந்தால்தான் எதிர்வீட்டார் இறங்கிவருவார்கள். 2019 ஜனவரி 15 அன்று விலகல் ஒப்பந்தம் 202க்கு 432 என்று தோற்றது. நவீன கால பிரிட்டிஷ் அரசு எதுவும் அவ்வளவு பெரிய தோல்வியைக் கண்டதில்லை. எதிர்த்தவர்களில் 118 பேர் ஆளுங்கட்சியினர். ஒப்பந்தம் ஒன்றியத்தோடு மிகவும் ஒட்டியிருக்கிறது என்று எதிர்த்தவரும், மிகவும் விலகிவிட்டது என்று எதிர்த்தவரும் ஒரே வாசல் வழியாகப் போய் வாக்களித்தார்கள். பேக்ஸ்டாப்புக்குப் பதிலாக ‘மாற்று ஏற்பாடுகள்’ வேண்டும் என்று ஜனவரி 29 அன்று 317க்கு 301 எனத் தீர்மானித்தார்கள். அந்த ஏற்பாடுகள் எவை என்று தீர்மானத்தில் இல்லை. மார்ச் 27 அன்று எட்டு வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தார்கள், எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள், நான்கும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் வழி மூன்றே வாக்குகளில் போனது. எதை விட்டுக்கொடுத்தால் இவர்கள் கையெழுத்திடுவார்கள் என்று பார்னியேவுக்கு விளங்காமல் போனதில் வியப்பில்லை. கூத்தாடி கொண்டாடவும் இல்லை. மூன்று முறை கெடுவை நீட்டித்துக் கொடுத்து ஒன்றியமும் அலுத்துப்போனது.

நீங்கள் சொல்லும் ஒற்றுமை பிறகு வந்தது. மேக்குப் பின் பிரதமராகி, 2019 செப்டம்பரில் தன்னை எதிர்த்து வாக்களித்த 21 உறுப்பினர்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கிய ஜான்சன், டிசம்பர் தேர்தலில் 80 இடப் பெரும்பான்மையோடு திரும்பினார். அப்போது என்ன கிடைத்தது? 2020 டிசம்பர் 24 அன்று முடிவான வணிக ஒப்பந்தம் சரக்குகளுக்குச் சுங்க வரியை விலக்கியது. பிரிட்டனின் பொருளாதாரத்தில் பெரும்பங்கு வகிக்கும் சேவைத் துறைக்கு அதில் கிடைத்தது சொற்பமே. பொருளாதாரத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத மீன்பிடியைப் பற்றித்தான் கடைசி நாள்வரை மல்லுக்கட்டினார்கள். (1985இல் ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பிலிருந்து வெளியேறிய கிரீன்லாந்துக்கும் மீன்தான் முதல் வழக்கு, மீனுக்கு அப்படியொரு ராசி.) ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்த ஒப்பந்தத்துக்கான சட்டத்தை மக்களவை டிசம்பர் 30 அன்று ஒரே நாளில் 521க்கு 73 என்று நிறைவேற்றியது. வட அயர்லாந்துக்கோ, மே ஏற்கமாட்டேன் என்று சொன்ன கடல் எல்லையை ஜான்சன் 2019லேயே ஏற்றிருந்தார். தேர்தலுக்கு முன் அந்த ஊர் வணிகர்களிடம், சுங்கப் படிவம் யாராவது கேட்டால் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள் என்று சொல்லவும் செய்தார். படிவங்கள் வந்தன. அவற்றைக் குறைக்க 2023 பிப்ரவரியில் வின்ட்சர் உடன்பாடு என்று மறுபடியும் ஒரு சுற்றுப் பேச வேண்டியிருந்தது.

மேல்மாடிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நிறைவடையாது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே குடியிருக்கும் ஐரோப்பியக் குடிமக்களின் உரிமைக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை 358க்கு 256 எனத் திருத்தம் கொண்டுவந்தது. பேரத்துக்கு முன் சீட்டைக் காட்டக்கூடாது என்ற அதே தர்க்கத்தின் நிழலில் மக்களவை அதை நீக்கியது. அன்றிரவு மாடிப்படியில் பார்த்தபோது, “தம்பி, எங்களைக் காட்டித்தான் அவையள் பேரம் பேசப் போகினம்” என்றார். ஆனால் அந்த ஆண்டு டிசம்பருக்குள் பெருமளவு முடிவான விஷயம் அவருடையதுதான். இரு தரப்பும் தமக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவைத்திருந்த ஒன்று அது. 2019 கோடையில், நாடாளுமன்றம் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தபோது, நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க என் கைபேசியைக் கேட்டு வந்தார். அரசின் செயலி அப்போது ஐபோனில் வேலை செய்யாது. அவரிடம் இருந்தது ஐபோன். சாப்பாட்டு மேசையில் அவருடைய நெதர்லாந்துக் கடவுச்சீட்டின்மேல் என் ஆண்ட்ராய்டு கைபேசியை வைத்து இரண்டு மூன்று முறை நகர்த்திப் பார்த்தோம். அவருடைய வரிக் கணக்கிலிருந்து ஆண்டுகளை அதுவே எடுத்துக்கொண்டது. நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது.