கச்சேரி டிக்கெட்டும் கைவிட்ட காசும்

ஐப்பசிக் கடைசியில் காவிரியில் கடைமுகம் முழுக்கு முடிந்தால் போதும், காசு கொடுத்து வாங்கியதைப் பற்றி யோசனை கேட்டு எனக்கு வரும் மடல்களில் மழைக்கோட்டும் மிக்ஸியும் பின்னுக்குப் போய் கச்சேரி டிக்கெட் முன்னுக்கு வந்துவிடும். இந்த முறை முழுக்க அதுவே. மடல்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். எஸ்பிளனேட் அரங்கில் ஒரு கச்சேரிக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுக்கிறானாம். வேட்டியில் போனால் விடுவார்களா? எந்த சீட் எடுக்கச் சொல்லட்டும்? (மன்னார்குடி)

வேட்டியில் தாராளமாகப் போங்கள். ஏசிக்கு ஒரு சால்வை இருக்கட்டும்.

சீட் விஷயத்துக்கு வருவோம். 2002 அக்டோபரில் திறந்த கட்டடம் அது. கூரை முழுக்க முள் முள்ளாக அலுமினியத் தகடுகள் இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் டுரியான் என்கிறார்கள், நாம் பார்த்தால் பலாப்பழம் என்போம். உள்ளே பெரிய அரங்குகள் இரண்டு: இசை அரங்கில் சுமார் 1,600 பேர், நாடக அரங்கில் ஏறக்குறைய 2,000 பேர். எந்த அரங்கு என்று முதலில் பையனைக் கேளுங்கள். இசை அரங்கு என்றால் விலை அதிகமான வரிசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கும் விதானம், சுற்றிலும் காலி அறைகள், அவற்றுக்குக் கதவுகள். கதவைத் திறந்தால் ஓசை நீளும், மூடினால் சுருங்கும். மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்கு ஓசை இரண்டு விநாடி வரை தங்கினால் அழகு. நம் மிருதங்கத்துக்கு அவ்வளவு தங்கினால் சொல்லுக்கு மேல் சொல் ஏறி, பாட்டின் வரிகளும் குழம்பிவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடெல்லாம், பின்வரிசைக்காரரும் காசு கொடுத்தவர்தானே.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். மேடைக்குப் பின்னாலும் சீட் உண்டு. மேல்நாட்டு வாத்தியக் குழு வாசித்தால், நடத்துபவரின் முகத்தை அங்கிருந்துதான் பார்க்க முடியும், அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பாட்டு என்றால் இரண்டு மணி நேரம் பாடகரின் முதுகைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

நவம்பர் வாக்கில் போனால் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்கும். கீழ்த்தளத்திலும் வெளியே நீர்க்கரை மேடையிலும் இலவச நிகழ்ச்சிகள் உண்டு, காசு போட்டு வாங்குமுன் அவற்றைப் பாருங்கள். நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். தாமதமானால் பாட்டுக்கு இடையே கதவு திறக்காது. அப்புறம், முறுக்கு டப்பாவை ரயிலில் பிரிக்க வேண்டாம். அந்த ஊர் மெட்ரோவில் சாப்பிட்டால் 500 டாலர் வரை அபராதம்.

டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். யாரோ அந்த கியூஆர் கோடைக் காட்டி எனக்கு முன்பே உள்ளே போய்விட்டார். அரங்கின் மேல் வழக்குப் போடலாமா? (கும்பகோணம்)

வீட்டுச் சாவியை மகாமகக் குளத்துப் படிக்கட்டில் தொங்கவிட்டுவிட்டுப் பூட்டுக் கம்பெனி மேல் வழக்கா? போட முடியாது.

அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குச் சென்னையில் கச்சேரி. கூகுளில் தேடி முதலில் வந்த தளத்தில் மூன்று மடங்கு விலைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். வாசலில் ஸ்கேன் செய்தால் செல்லாது என்றார்கள். அம்மா பட்டுப்புடவையோடு படியில் உட்கார்ந்திருந்தார். விற்றவன் போனை எடுப்பதில்லை. (மயிலாடுதுறை)

படித்ததிலிருந்து எனக்கு அந்தப் படிதான் கண்ணில் நிற்கிறது. உங்களைத் திட்ட மாட்டேன். தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம், அதை நம்பி விழுந்தவர்களில் படித்தவர்களும் உண்டு.

இன்றே செய்யுங்கள். 1930 சைபர் குற்ற உதவி எண், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் அந்தத் தொகையை மறுத்து எழுத்தில் கொடுங்கள். விற்றது பெயர், முகவரி உள்ள நிறுவனம் என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்: விற்றவன் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம். வாசலில் திருப்பி அனுப்பிய நேரம், தளத்தின் ஸ்க்ரீன்ஷாட், மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்த முறை சபாவின் சொந்தத் தளத்துக்குப் போய், அவர்கள் கைகாட்டும் இடத்தில் வாங்குங்கள். அம்மாவைப் பகல் கச்சேரிக்கு அழைத்துப் போங்களேன். பல சபாக்களில் காலையிலும் மதியத்திலும் டிக்கெட்டே வேண்டாம், இலவசம். சாப்பாடு கேன்டீனில்.

கச்சேரி ரத்து. 3,000 ரூபாய் திரும்பி வந்தது, கன்வீனியன்ஸ் ஃபீ 212 ரூபாய் வரவில்லை. சின்னத் தொகை, விட்டுவிடவா? (தஞ்சாவூர்)

விடாதீர்கள். இதைத் தொட்டுவிட்டீர்கள், நான் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும்.

முன்பெல்லாம் மயிலாப்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியை வரிசையில் நிற்க வைப்போம். கவுன்ட்டரில் ஒருவர் உட்கார்ந்து புத்தகத்திலிருந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அவர் சம்பளம், தலைக்கு மேல் ஓடிய ஃபேன், வந்துபோன காபி எல்லாம் டிக்கெட் விலைக்குள் அடங்கின. இப்போது என் வீடு, என் கரண்ட், என் நெட். பெயரையும் மெயிலையும் மூன்று தடவை நானே அடித்து, நான் மனிதன்தான் என்று படத்தில் டிராஃபிக் விளக்கைத் தொட்டு நிரூபித்து, டிக்கெட்டை என் காகிதத்தில் அச்சும் எடுத்துக்கொள்கிறேன். கவுன்ட்டர்க்காரர் வேலை முழுவதையும் நான் பார்த்துவிட்டு அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும், பெயர் வசதிக் கட்டணம். யாருக்கு வசதி? அதையும் முதல் பக்கத்தில் சொல்வார்களா? சீட்டைத் தேர்ந்து, கடிகாரம் 'ஆறு நிமிஷம், ஐந்து நிமிஷம்' என்று விரட்டி, நெஞ்சு படபடக்கும்போது கடைசிப் பக்கத்தில் காட்டுவார்கள். நாம் கேட்காமலே ஒரு நன்கொடையும் சேர்ந்திருக்கும். மத்திய அரசு 2023 நவம்பரில் இத்தகைய தந்திரங்களில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. விலையைத் தவணை தவணையாகக் காட்டுவது, கேட்காததைக் கூடையில் போடுவது, பொய் அவசரம் காட்டுவது மூன்றும் அதில் இருக்கின்றன.

உங்கள் 212க்கு: கட்டணம் திரும்பாது என்று முன்பே காட்டி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அவர்கள் அதைத்தான் நீட்டுவார்கள். ஆனால் ரத்து செய்தது நீங்கள் இல்லையே. நடத்தியவருக்கும் தளத்துக்கும் சேர்த்து எழுதுங்கள், பதினைந்து நாள் பாருங்கள், பிறகு 1915. நான் ஒருமுறை 59 ரூபாய்க்காகப் பதினொரு மெயில் எழுதினேன். வீட்டில் சிரித்தார்கள். பணம் வந்தது.

பால்கனி டிக்கெட்தான் எடுத்தேன். கீழே முன் வரிசை காலியாக இருந்தால் போய் உட்காரலாமா? (பட்டுக்கோட்டை)

கூடாது.

முதல் வரிசை, ஆளுக்கு 2,500. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே சீட், இரண்டு நாளாகக் காது இரைகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஒரத்தநாடு)

சீட் வரைபடத்தைப் பார்த்தீர்களா? "முதல் வரிசை என்றால் நல்லதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக பார்க்கவில்லை. பணம் கிடைக்காது. காது டாக்டரைப் பாருங்கள்.

கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு கேள்வி. பிறந்ததிலிருந்து தெருவில் சாமி புறப்பாட்டோடு நாதஸ்வரத்தை இனாமாகக் கேட்டு வளர்ந்தவன் நான். திறந்தவெளிக்காகவே செய்த வாத்தியம், அடுத்த தெருவில் இருந்து கேட்டாலே போதும். அப்பேர்ப்பட்டவன் சென்னையில் நாலு பக்கமும் சாத்திய ஏசி அரங்கில், நாதஸ்வரம் தவில் இரண்டுக்கும் மைக் வைத்த கச்சேரிக்கு, முதல் வரிசை ஓரத்தில் காசு கொடுத்து உட்கார்ந்தேன். தவில்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்தபோது பக்கத்து சீட்காரர் என்னிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

அரங்கத்துக் கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டில் 60 ரூபாய். (சீர்காழி)

கடையில் விற்றால் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் என்றால் கணக்கு வேறு, கூடுதலாக வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பில் வைத்திருக்கிறீர்களா? இல்லையா? அப்படியென்றால் என் நேரத்தையும் வீணாக்கிவிட்டீர்கள்.

காவிரிக் கரையில் தியாகராஜர் ஆராதனையை இனாமாகக் கேட்கிறோம். காசு கொடுத்துப் பட்டணத்து ஏசி அரங்குக்கு ஏன் போக வேண்டும்? (திருவையாறு)

இதே கேள்வியைப் போன வாரம் நான் வீட்டில் கேட்டேன். அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடும் நாளில் பந்தலில் இடம் பிடித்துத் தரையில் உட்கார உங்களுக்கு முழங்கால் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். உழவன் எக்ஸ்பிரஸில் இரண்டு பெர்த், சபாவில் பால்கனி நடு வரிசையில் இரண்டு சீட். கவுன்ட்டரில்தான் வாங்கினேன், வரிசையில் நின்றது ஒன்றுவிட்ட தம்பி.