“சரிங்க டாக்டர்” என்றால் புரிந்தது என்று அர்த்தமா?

கேள்வி: வயது 48. சென்னிமலையில் தறி ஓட்டும் குடும்பம். மூன்று வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டு மெஷினில் பார்த்தால் 126, 128. ஈரோட்டில் டாக்டர் பார்த்தால் 160-க்குக் குறைவதே இல்லை. போன மாதம் மாத்திரையைக் கூட்டிவிட்டார். வீட்டுக் கணக்கைச் சொல்ல நினைத்தேன், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. என் அப்பா கிட்னி கெட்டு டயாலிசிஸில் இருந்து இறந்தவர். அந்த வெசனத்தில் தூக்கம் வருவதில்லை.
- ஒரு வாசகி

பதில்: பிரஷரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாதது அப்பாவின் டயாலிசிஸ். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் புரதம் என்று இரண்டு சாதாரணப் பரிசோதனைகளில் உங்கள் கிட்னியின் நிலை பெருமளவு தெரிந்துவிடும். பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில், கட்டுப்படாத பிரஷர்தான் கெடுக்கும். தறி வேலை என்பதால் ஒன்று கேட்கிறேன்: இடுப்புவலிக்கு மெடிக்கலில் அடிக்கடி மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? வலி மாத்திரைகள் பல பிரஷரையும் ஏற்றும், கிட்னிக்கும் ஆகாது. இதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

டாக்டரைக் கண்டதும் பிரஷர் ஏறுவதற்கு ‘வெள்ளைக் கோட்டு’ விளைவு என்று பெயர். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய் இறுகுகிறது. கேட்க நினைத்ததை மறக்கடிப்பதும் அதே பயம்தான். ஆனால் வீட்டு மெஷின் சொல்வது சரிதானா என்றும் பார்க்க வேண்டும். 7 நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் பொழுதோடவும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். முதலில் 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால் தரையில் பட வேண்டும், பேசக் கூடாது, அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. நீங்கள் மேல் எண்ணை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கீழ் எண்ணும் வேண்டும். டாக்டரிடம் 140/90 என்பது எல்லை, வீட்டில் 135/85. கூட்டிய மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஆனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள்.

மறந்துபோனது உங்கள் தவறு மட்டுமல்ல. டாக்டர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துவிடுகிறது என்று 2003-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. டாக்டர்களான எங்கள் லட்சணமும் ஒன்றும் பெரிதல்ல. நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-இலேயே அமெரிக்காவில் கணக்கெடுத்துவிட்டார்கள்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல், ‘சரிங்க’. அது மரியாதைக்குச் சொல்வது, புரிந்ததற்கு அல்ல. எனக்கே இது தெரிய வெகுகாலம் ஆனது. காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நான் சொன்ன அத்தனைக்கும் ‘சரிங்க’ போட்டுவிட்டு, வெளியே மருந்து கொடுக்கும் பெண்ணிடம் “டாக்டரு என்னுங்க சொன்னாரு?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, “வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. உங்கள் டாக்டர் அப்படிக் கேட்காவிட்டால் நீங்களே, “எனக்குப் புரிஞ்சது சரிங்களான்னு பாருங்க” என்று திருப்பிச் சொல்லுங்கள். இதற்குக் கோபிக்கும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாயால் சொல்ல வராது என்றால் சீட்டில் எழுதி, உட்கார்ந்ததுமே கையில் கொடுத்துவிடுங்கள். முதல் வரியில் “எங்கப்பா கிட்னி கெட்டு இறந்தாருங்க, எனக்கும் அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்குதுங்க” என்று எழுதுங்கள். அடியில் 7 நாள் கணக்கு. மெஷினையும் பையில் எடுத்துப் போங்கள், அங்கேயே இரண்டிலும் பார்த்து ஒப்பிட்டுவிடலாம்.