சக்கரமில்லாத வயிற்றைப் பாருங்கள்

கேள்வி: வேலை விஷயமாக நைரோபி போகிறேன். ரயில் பைத்தியமான பத்து வயது மகனும் வருகிறான். அங்குள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் ‘மவுண்ட் கெலாய்’ என்ற பெரிய நீராவி இன்ஜின் இருக்கிறதாமே? படத்தில் இரண்டு இன்ஜின்களை ஒட்டவைத்தது போல இருக்கிறது. அவனுக்கு எதைக் காட்டி விளக்குவது?

பதில்: ஒரே இன்ஜின்தான். முதலில் பையனை ஒரு பக்கமாக நிற்கவைத்துச் சக்கரங்களை எண்ணச் சொல்லுங்கள். 14 வரும். ஏழு முன்னால், ஏழு பின்னால். பிறகு நடுவில் குனிந்து கொதிகலனுக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு சக்கரமும் இருக்காது. இந்த வகை இன்ஜினை வடிவமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் ஹெர்பர்ட் காரட் 1907-ல் காப்புரிமை கேட்டதே இந்த வெற்றிடத்துக்குத்தான் என்பேன்.

சாதாரண இன்ஜினில் கொதிகலன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் அதைப் பெருக்க முடியாது, நெருப்பு எரியும் உலைப்பெட்டியையும் ஆழமாக்க முடியாது. காரட் கொதிகலனைப் பல்லக்கு மாதிரி நடுவில் தொங்கவிட்டார். முன்னும் பின்னும் தூக்கிப் போகிறவை தனித்தனிச் சக்கரத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இரண்டு சிலிண்டர். வளைவு வந்தால் இரண்டு தொகுதிகளும் தம் போக்கில் திரும்பிக்கொள்ளும்.

மவுண்ட் கெலாய் சேர்ந்த 59-ஆம் வகுப்பு இன்ஜின்கள் மொத்தம் 34. மான்செஸ்டரின் பேயர் பீகாக் ஆலை 1955-56-ல் கட்டியவை. எடை 252 டன். ஓடியதோ நம் ஊரில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த அதே மீட்டர் கேஜில்! தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர், கொதிகலனின் குறுக்களவு இரண்டே கால் மீட்டருக்கும் மேல். டேப் எடுத்துப் போனால் பையன் அளந்தே பார்க்கலாம் (காவலாளியிடம் கேட்டுவிட்டு).

இவ்வளவு பெரிதாக ஏன்? மொம்பாசா துறைமுகம் கடல் மட்டத்தில், நைரோபி ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. 530 கிலோமீட்டர் ஏற்றத்தில் 1,200 டன் ரயிலை ஒரே இன்ஜின் இழுத்தாக வேண்டும். நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரித்ததால் மண்வாரி வேலை இல்லை. ஓட்டியவர்களில் சீக்கியர்கள் பலர். இன்ஜினைத் தங்கள் வீடு போலத் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முன் தொகுதியின் மேல் இருப்பது தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் செலவாகச் செலவாக எடை குறைந்து, சக்கரத்தின் பிடிப்பும் தளரும். காரட் வகை இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது.

டீசல் வந்ததும் 1980-க்குள் எல்லாம் ஓய்ந்தன. மிஞ்சிய இரண்டும் அதே அருங்காட்சியகத்தில்தான்: 5918 மவுண்ட் கெலாய், 5930 மவுண்ட் ஷெங்கெனா. இரண்டுமே கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் பெயர். மதிய வெயிலில் இரும்பு சுடும், காலையிலேயே போய்விடுங்கள்.