வாலுள்ள சிறுகோளை எப்போது அளப்பது?

கேள்வி: இலங்கையின் ஹட்டனில் 8 அங்குலத் தொலைநோக்கியும் மொனோ (கறுப்பு-வெள்ளை) கமராவும் வைத்திருக்கிறேன். கோல்ட் (Gault) போலத் தூசி கக்கி வால் விடும் சிறுகோளின் சுழற்சியையும் நிறத்தையும் அளக்கலாமா?

பதில்: கோல்ட் உங்கள் கருவிக்கு மிக மங்கல். வழிமுறையைப் பிரகாசமான சிறுகோள்களில் பழகலாம். எதுவானாலும், வால் தெரியும் நாட்களில் சுழற்சியை அளக்கப் போகாதீர்கள்.

காரணம் இதுதான். கல்லிலிருந்து வரும் ஒளிக்குச் சமமான ஒளி தூசியிலிருந்தும் வந்தால், 0.4 மக்னிடியூட் (வானியலில் ஒளியளவின் அலகு) ஏற்ற இறக்கம் 0.2 ஆகச் சுருங்கிவிடும். கோல்ட்டுக்கு 2019இல் முதலில் சொல்லப்பட்ட காலம் சுமார் 2 மணி நேரம். தூசி அடங்கிய பின் அளந்தபோது 2.5 மணி நேரம் வந்தது. இந்த அரை மணி நேரம் சின்ன விஷயமல்ல. சுமார் 2.2 மணி நேரத்துக்கும் வேகமாகச் சுழன்றால், கற்குவியலாக உள்ள சிறுகோள் தன் ஈர்ப்பால் மட்டும் தன்னைப் பிடித்துவைக்க முடியாது.

பழக ஈரோஸ் என்ற சிறுகோள் நல்லது: 5.27 மணி நேரச் சுழற்சி, பெரிய ஒளிமாற்றம். நட்சத்திரங்களை நிலையாக வைத்து 60 வினாடிப் படங்கள் எடுங்கள். சிறுகோள் கோடாக இழுபட்டால் நேரத்தைக் குறையுங்கள். மடிக்கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்துவைத்து, ஒவ்வொரு படத்தின் நடுநேரத்தையும் குறியுங்கள். பொருள் அடிவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடலாம். தேயிலை மலைகளில் நள்ளிரவுக்குப் பின் முன்கண்ணாடியில் பனி படிந்து ஒளி மெல்ல விழும். அதைச் சுழற்சி என்று நம்பி ஏமாறாதிருக்க, சூடேற்றும் பட்டியைத் தொடக்கத்திலேயே போடுங்கள். அதே படத்தில் ஒப்பிட எடுத்த நட்சத்திரங்களும் சேர்ந்து மங்கினால் கோளாறு கண்ணாடியிலோ வானத்திலோதான்.

ஒரு சுற்றில் பெரும்பாலும் இரண்டு உச்சங்கள் வரும். ஒன்றை மட்டும் கணக்கெடுத்தால் விடை பாதியாகிவிடும்.

நிறத்துக்கு ஜி (பச்சை), ஆர் (சிவப்பு) வடிப்பான்கள் போதும். ஆர்–ஜி–ஆர் என்று மாறிமாறி எடுத்து, இரு ஆர் அளவீடுகளின் நடுவை ஜி நேரத்துக்கு ஒப்பிடுங்கள். 2.5 மணி நேரச் சுழற்சியில் உச்சத்திலிருந்து அடிக்கு வெறும் 37 நிமிடம். இரண்டு வடிப்பானுக்கும் இடையே 20 நிமிடம் விட்டால், சுழற்சியே நிறமாக வேஷம் போடும். ஜி மக்னிடியூட்டிலிருந்து ஆர் மக்னிடியூட்டைக் கழித்தால் வருவதே நிறம்: சூரியனுக்கு அது சுமார் 0.44, கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். ஒப்பீட்டுக்குச் சூரியனின் நிறமுள்ள நட்சத்திரங்களையே எடுங்கள். கோல்ட் நிறம் மாறியதாக 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்வந்த அளவீடுகளில் அது உறுதிப்படவில்லை. தூசித் துகள்களின் அளவும் நிறத்தைத் திருப்பும் என்பதால், வால் மறைந்த பின் மறுபடி அளக்காமல் முடிவு கட்டக்கூடாது.

அடுத்த கட்டம் ஷைலா (Scheila) என்ற சிறுகோள். 2010 டிசம்பரில் ஒரு மோதலால் தூசி கக்கியது, இப்போது அமைதி. சுழற்சி சுமார் 15.8 மணி நேரம், ஒளிமாற்றம் 0.1 அளவே. அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் எட்டெட்டு மணி நேரம் எடுத்தால் முழுச் சுற்றும் கிட்டத்தட்ட அகப்படும். இரண்டாம் இரவை மூடுபனி விழுங்கினால் மூன்றாம் இரவு உதவாது: முதல் இரவில் பார்த்த பக்கமே அன்றும் திரும்பி வரும், நான்காம் இரவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஹட்டனில் ஜனவரி முதல் மார்ச் வரை திட்டமிடுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கருவியை ஏற்றிப் போவதுதான் வழி.