சிலோசோவும் லாப்ரடோரும்: குடும்ப நடைக்குக் கேள்வி பதில்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சிங்கப்பூரின் பழைய கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பல வருடமாக இந்தப் பாதைகளில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை: பீரங்கி மேடையின் சுற்றுச்சுவரில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். அந்தப் பக்கம் பள்ளம்.

கேள்வி (தெம்பனிஸ், இரு பிள்ளைகளின் தாய்): மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவள் இன்னும் ஸ்ட்ரோலரில். எந்தக் கோட்டையில் ஆரம்பிக்கலாம் அண்ணே?

செந்தோசாத் தீவில் இருக்கும் சிலோசோ கோட்டையில் ஆரம்பியுங்கள், அக்கா. அங்கே 2015-இல் ஒரு வான்நடைப் பாலம் கட்டினார்கள். 181 மீட்டர் நீளம், பதினொரு மாடி உயரம், ஏறுவதற்கு லிஃப்ட் உண்டு. ஸ்ட்ரோலரை அப்படியே தள்ளிக்கொண்டு மர உச்சிகளின் மேலே நடக்கலாம். பாலம் முடிந்து கோட்டைக்குள் போனால் சரிவுகள், சில இடங்களில் படிகள். அங்கே சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

பாலத்தின் மேலேயே பெரியவனை நிறுத்திக் கடலைக் காட்டுங்கள். கீழே தெரியும் ஒடுக்கமான நீர்வழிதான் கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாசல். அதன் எதிர்க்கரையில் இருப்பது லாப்ரடோர், அன்றைய பாசிர் பாஞ்சாங் கோட்டை. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காவல் வைத்திருக்கிறார்கள். இது மனதில் பதிந்த பிறகு பீரங்கியைக் காட்டினால், அது ஏன் அங்கே நிற்கிறது என்று பிள்ளையே சொல்லிவிடுவான். நேராகப் பீரங்கியிடம் போகிற பிள்ளைக்கு அது வெறும் இரும்பு. இந்தக் கோட்டை 1870-களில் எழுந்தது. 2022 பிப்ரவரி 15 அன்று தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்து சரியாக எண்பது ஆண்டு கழித்து.

காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் இடி மின்னல் வந்தால் குன்றிலும் பாலத்திலும் நிற்கக் கூடாது.

கேள்வி (பொங்கோல்): டிக்கெட் எவ்வளவு?

பாலமும் கோட்டையும் இலவசம்.

கேள்வி (கிளமெண்டி): லாப்ரடோரில் சுரங்கம் பார்த்ததாக என் அண்ணன் சொல்கிறார். திறந்திருக்குமா?

இல்லை. 2001-இல் கண்டுபிடித்துச் சில வருடம் திறந்து வைத்திருந்தார்கள், இப்போது மூடியிருக்கிறது. ஆனாலும் போங்கள். 6 அங்குலப் பீரங்கி (குழாய் வாயின் உள் அகலம் அது), இயந்திரத் துப்பாக்கி வைத்த பங்கர், அதைவிடப் பழைய ஒரு கதை எல்லாம் அங்கே இருக்கின்றன. சீன மாலுமிகள் 'டிராகன் பல்' என்று அடையாளம் வைத்திருந்த பாறை அந்த நீர்வழியில் நின்றது. கப்பல் போக இடம் வேண்டுமென்று 1848-இல் பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்று இருப்பது மாதிரிப் பாறை.

கேள்வி (உயர்நிலைப்பள்ளி ஆசிரியை): சிங்கப்பூரின் பீரங்கிகள் தவறான திசையைப் பார்த்தன, அதனால்தான் தோற்றோம் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். சரியா?

சரியில்லை, டீச்சர். கடலோரப் பீரங்கி கடலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்கும்? கெப்பல் துறைமுகத்தையும் 1938-இல் திறந்த செம்பவாங் கடற்படைத் தளத்தையும் பகைவரின் கப்பல்களிடமிருந்து காப்பதற்கு வைத்தவை அவை. கப்பல்கள் இந்தப் பக்கம் வரவில்லை என்றால், அந்த வேலையை அவை செய்துவிட்டன என்றுதான் அர்த்தம்.

கேள்வி (ஓய்வுபெற்ற பெரியவர், அங் மோ கியோ): தம்பி, என் அப்பா அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர். பீரங்கி கடலைப் பார்த்தது, ஜப்பான்காரன் பின்பக்கமாக வந்தான் என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அதைப் பொய் என்கிறீர்களா?

இல்லை ஐயா. அப்பா பார்த்தது உண்மை. பீரங்கி கடலைப் பார்த்தது, ஜப்பானியர் வடக்கே இருந்து வந்தார்கள், இரண்டும் சரி. 'அதனால் திருப்பவே முடியவில்லை' என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்ததைத்தான் மறுக்கிறேன். சாங்கியில் ஜொகூர் பீரங்கித் தளம் இருந்தது. அங்கே மூன்று 15 அங்குலப் பீரங்கிகள், அவற்றில் இரண்டு முழு வட்டமாகத் திரும்பும். அவை தரைப் பக்கம் திரும்பிச் சுட்டன. செந்தோசாவின் கொனாட் தளத்து 9.2 அங்குலப் பீரங்கிகளும் தீவின் மேற்கே தெங்கா பக்கம் சுட்டன. புவனா விஸ்தாவில் இருந்த இரண்டு 15 அங்குலப் பீரங்கிகளால் அப்படித் திரும்ப முடியவில்லை.

கேள்வி (தேசிய சேவையில் இருக்கும் இளைஞர்): திரும்பிச் சுட்டும் ஏன் நிறுத்த முடியவில்லை அண்ணே?

நல்ல கேள்வி, தம்பி. அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் கவசம் துளைக்கும் குண்டு. போர்க்கப்பலின் தடித்த இரும்பைத் துளைத்து உள்ளே போய் வெடிப்பதற்குச் செய்தது. 15 அங்குலக் குண்டு ஒன்றே 800 கிலோவுக்கு மேல். அது சேற்று நிலத்தில் விழுந்தால் ஆழமாகப் புதைந்து அப்புறம்தான் வெடிக்கும், பரவி நிற்கும் காலாட்படைக்குப் பெரிய சேதம் வராது. தரைக்கு வேண்டியது விழுந்ததும் சிதறும் குண்டு. அது போதுமான அளவு இல்லை.

பெரியவர் மறுபடி: அப்படியென்றால் குண்டுதான் காரணம், பீரங்கி இல்லை என்கிறீர்கள். எப்படியும் வெள்ளைக்காரன் தப்புக் கணக்குப் போட்டான், ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. நீங்கள் கேட்டதும் நல்லதாயிற்று. கணக்கு பிழைத்தது உண்மைதான், ஆனால் அது பீரங்கியோடு நிற்கவில்லை. 1941 டிசம்பர் 8-இல் மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். இரண்டே நாளில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற பிரிட்டிஷாரின் இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. வானம் கையைவிட்டுப் போனது. மலாயா முழுக்கப் பின்வாங்கி வந்த படை களைத்திருந்தது. 1942 பிப்ரவரி 8 இரவு தீவின் வடமேற்குக் கரையில் இறங்கியவர்கள் ஒரு வாரத்தில் நீர்த்தேக்கங்களைப் பிடித்தார்கள். பதினைந்தாம் தேதி காலையில் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில், 'பேட்டில்பாக்ஸ்' என்ற நிலத்தடி அறையில் உட்கார்ந்து சரணடைய முடிவெடுத்தார்கள். மாலையில் புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். டீச்சர், மாணவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். பீரங்கியின் திசை என்ற ஒரே வரி இத்தனையையும் மறைத்துவிடுகிறது, அதுதான் என் வருத்தம்.

கேள்வி (ஈசூன்): சிலோசோவுக்குக் கட்டணம் உண்டா?

மேலே சொல்லியாயிற்று. இல்லை.

கேள்வி (ஜூரோங், கட்டுமானத் தொழிலாளி): ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு லீவு. நம்ம ஊர்க்காரங்க அந்தப் போரில் இருந்தார்களா அண்ணே? இருந்தால் எங்கே போய்ப் பார்க்கலாம்?

இருந்தார்கள் தம்பி, ஏராளமாக. இந்தக் கரையின் பீரங்கிப் படையில் சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் வேலை செய்தார்கள். செம்பவாங் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். பீரங்கிக்காரர்கள் காத்தது இவர்கள் உழைத்த அந்தத் தளத்தைத்தான்.

நீங்கள் போக வேண்டிய இடம் கிராஞ்சிப் போர் நினைவிடம். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி நடந்து போகலாம், இலவசம். சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் கல்லறை எங்கே என்று தெரியாதவர்களின் பெயர்கள். தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவுச்சின்னமும் அங்கே உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர். அவசரப்படாமல் ஒவ்வொரு தூணாகப் படியுங்கள். நான் முதல்முறை போனபோது ஒரு தூணைத் தாண்டவே அரைமணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கிராமம் இருந்திருக்கும் என்ற நினைப்பில் கால் நகரவில்லை.

கேள்வி (பிடோக்): சிலோசோவில் பேய் இருக்கிறதா?

அங்கே போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி (பாசிர் ரிஸ்): செந்தோசாக் காட்டுக்குள் செராப்போங் கோட்டை என்று ஒன்று இருக்கிறதாமே, பிள்ளைகளோடு போகலாமா?

வேண்டாம். இடிந்த அறைகள், மூடாத குழிகள், இருட்டு. அங்கே சுவரில் ஏற்றாதீர்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், போகவே போகாதீர்கள்.

கேள்வி (செங்காங்): டிரோன் பறக்கவிடலாமா?

அனுமதி தருவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (சுவா சூ காங்): ஸ்ட்ரோலர் போகுமா? டிக்கெட் உண்டா?

முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு வாருங்கள். சுவரில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

கேள்வி (ஒரு தாய், மகளுக்காக): என் மகளுக்கு ஏழு வயது. "அந்தக் காலத்தில் கரண்ட் இல்லையே, வெடிமருந்து அறைக்குள் எப்படிப் பார்த்தார்கள்? விளக்கு கொண்டுபோனால் வெடிக்காதா?" என்று கேட்கிறாள்.

இன்று வந்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். பாப்பா, அறைக்குள் விளக்கையே கொண்டுபோக மாட்டார்கள். அறையை ஒட்டி இன்னொரு ஒடுக்கமான நடைவழி கட்டுவார்கள். நடுச்சுவரில் ஒரு ஜன்னல், அதில் கனமான கண்ணாடி. விளக்கு நடைவழிப் பக்கம் எரியும், வெளிச்சம் மட்டும் கண்ணாடி வழியாக உள்ளே வரும். விளக்கேற்றுகிறவர் தன் பக்கமிருந்தே திரி தூண்டிவிட்டுப் போய்விடுவார், மருந்து அறைக்குள் கால் வைக்க மாட்டார். உள்ளே வேலை செய்கிறவர்கள் ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வேறு செருப்பு மாட்டிக்கொள்வார்கள், கல்லில் ஆணி உரசித் தீப்பொறி வரக்கூடாது என்று. இப்படிப்பட்ட பழைய அறை எதற்குள் போனாலும் சுவரில் அந்த ஜன்னல் குழியைத் தேடு. அம்மாவுக்கும் காட்டு.